அடைகோழியின் ஆல்டர்னேட்டர்

அந்தத் தெருவில் அவளுக்கு அடைகோழி என்று பெயர். வைத்தது அவளுடைய நாத்தனார்தான் என்று சொல்வார்கள். நாத்தனாரும் அதை மறுத்ததில்லை. உறவில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அவள் போவாள், தலையைக் காட்டுவாள், உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் எழுந்துவிடுவாள். "முட்டையைத் திருப்பிப் போடணும், வரேன்" என்பாள். ஒரு சாவு வீட்டிலும் இதையே சொல்லிவிட்டு எழுந்தபோது, அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. வீட்டின் பின்னறையில் பீரோ உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி நின்றது. உள்ளே தட்டுத்தட்டாக முட்டைகள். சூட்டுக்கு ஒரு கம்பிச்சுருள், காற்றுக்கு ஒரு சின்ன விசிறி, ஈரத்துக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு. தாய்க்கோழி வயிற்றுச் சூட்டால் செய்வதை அந்தப் பெட்டி மின்சாரத்தால் செய்தது. சூடு கொஞ்சம் ஏறினால் முட்டை வெந்துவிடும், கொஞ்சம் இறங்கினால் உள்ளே இருப்பது விறைத்துவிடும். கோழிக்காவது பசித்தால் எழுந்து போய் நாலு மணியைக் கொத்திவிட்டு வர அனுமதி உண்டு. இவளுக்கு அதுவும் கிடையாது.

குஞ்சு பொரிக்கும் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. அவள் கணவர் டாக்ஸி ஓட்டியவர். ஊரில் அவருக்குத் தெரியாத சந்து இல்லை, அவரைத் தெரியாத மெக்கானிக் இல்லை. வண்டியில் எது பழுதானாலும் பட்டறையில் விட்டுவிட்டுப் போகமாட்டார். பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து கையையும் விடுவார். அப்படிப்பட்டவர் ஒரு வருஷமாக சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பின்சீட்டைப் பார்த்து, "சிவப்பா பச்சையா, நீங்களே சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்க ஆரம்பித்தார். சவாரிக்கு வந்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி மட்டும் சில தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒருநாள் நேராக வீட்டுக்கு வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் விளையாட்டுக்குக் கேக்கலம்மா. நிஜமாவே தெரியாமத்தான் கேக்குறார்" என்றாள்.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் மருத்துவர். போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார். மிச்சம் என்பது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் சின்ன வட்டம், அதுவும் மங்கல். அன்றே சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்ததை அடுத்த நாள் காலையிலேயே திரும்ப வாங்கிக்கொண்டார். ஓட்டுவதற்கு இல்லை. கொட்டகைக்குள் நிற்கும் காரைத் தினமும் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தடவித்தடவித் துடைத்து, அணைத்துவிட்டு வருவதற்கு. வாங்க வந்தவர்களிடம் வண்டியின் குறைகளை அவரே ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னார். விற்கிறவன் யாரும் அவ்வளவு நேர்மையாக இருக்கமாட்டான். இல்லாத குறைகளையும் சேர்த்துச் சொன்னார். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

வீடு நடக்க வேண்டுமே. அவள் முட்டைக்கு வந்தது அப்படித்தான். யாரோ கைவிட்ட பெட்டியை வாங்கி, ஓட்டையை அடைத்து, கம்பிச்சுருள் மாற்றி, விசிறிக்கு எண்ணெய் விட்டு அவளே ஓடவைத்தாள். முதல் ஈடு முட்டை மொத்தமாகப் போயிற்று. முட்டையில் கோளாறு இல்லை. ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போனதுதான் காரணம். அதன் பிறகு ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கிப் போட்டாள். சின்ன வெட்டுக்கு அது தாங்கியது. பெரிய வெட்டு வந்தால் மத்தியானத்துக்குள் இன்வெர்ட்டர் கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்துவிடும்.

"கார்ல ஆல்டர்னேட்டர் சும்மாதானே கிடக்குது?" என்று முதலில் சொன்னவர் அவர்தான். கார் ஓடும்போது எஞ்சின் அதை ஒரு பெல்ட்டால் சுற்றும். சுற்றினால் அது பேட்டரியை நிரப்பும். காரின் பேட்டரியை நிரப்புவது இன்வெர்ட்டர் பேட்டரியை நிரப்பாதா என்ன? தடித்த கேபிள் இரண்டு வாங்கி ஜன்னல் வழியாகப் பின்னறைக்கு இழுத்தார்கள். கரண்ட் போனதும் அவர் கார் சீட்டில் போய் உட்காருவார். எஞ்சின் சும்மா முனகிக்கொண்டிருந்தால் ஆல்டர்னேட்டர் பேருக்குத்தான் கரண்ட் தரும். கொஞ்சம் ரேஸ் செய்ய வேண்டும். அவர் ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்து, காதால் அளந்து, எந்த இடத்தில் அழுத்தினால் எவ்வளவு வரும் என்று கண்டுபிடித்துவைத்திருந்தார். பின்னறையிலிருந்து அவள் மீட்டரைப் பார்த்து, "ஏறுது... ஏறுது... பதினாலு வோல்ட், போதும்" என்று குரல் கொடுப்பாள். கார் ஓர் அடிகூட நகரவில்லை என்றாலும் அவருக்கு அது சவாரிதான். அந்த நாட்களில் அவர் முகம் தெளிவாக இருக்கும் என்று நாத்தனார் சொல்வாள்.

ஆனால் கார் எஞ்சின் பெட்ரோலைக் குடித்த குடி இருக்கிறதே, அது யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. அவ்வளவு பெரிய எஞ்சினை இவ்வளவு சின்ன வேலைக்கு ஓட்டுவது, ஊசி எடுக்கக் கடப்பாரை போடுவது போல. பழைய இரும்புக் கடையில், பம்ப் உடைந்துபோன தண்ணீர் மோட்டாரின் சின்ன பெட்ரோல் எஞ்சின் ஒன்று கிடந்ததை அவள் பார்த்துவைத்திருந்தாள். ஒரு பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்தை அறுத்து, ஒரு பக்கம் அந்த எஞ்சின், மறுபக்கம் ஒரு ஆல்டர்னேட்டர், நடுவில் பெல்ட் என்று மாட்டிவிட்டால் போதும். கடையில் கிடந்த ஆல்டர்னேட்டர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றில் உள்ளே கம்பிச்சுருள் கருகியிருந்தது, ஒன்று துரு ஏறி இறுகிப்போயிருந்தது, ஒன்றில் போல்ட் மாட்டும் காது உடைந்திருந்தது. நல்ல ஆல்டர்னேட்டர் என்று அவள் அறிந்தது ஒன்றுதான். அது கொட்டகையில் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்.

"என்னங்க, கார்ல இருக்கறதைக் கழட்டிக்கலாமா?"

அவர் கையைக் கழுவப் போனார். திரும்பி வந்துதான் பதில் சொன்னார். "அதைக் கழட்டிட்டா அப்புறம் அது கார் இல்லை. தகரம்."

"இப்ப மட்டும் என்ன ஊர்வலமா போகுது?"

"தினம் ஸ்டார்ட் ஆகுதில்ல?"

பேச்சு அதோடு முடிந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. அவர் நாத்தனாரோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு காலையில், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினாள், பிறகு பெல்ட்டைத் தளர்த்தினாள், பிறகு இரண்டு போல்ட். ஒரு போல்ட் இளகவே இல்லை. அதன் மேல் ஏறி நிற்காத குறை. அவர்கள் திரும்பி வருவதற்குள் ஆல்டர்னேட்டர் பின்கட்டில் ஒரு சாக்குக்கு அடியில் இருந்தது. பேட்டரியைத் திரும்ப மாட்டிவிட்டாள். அன்று மாலையே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கண்ணில் புதிதாகப் போட்ட மருந்து எரிகிறது என்று அவர் படுத்துவிட்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள்.

மறுநாள் அவர் வழக்கம்போல் சாவியைத் திருகினார். எஞ்சின் பிடித்தது. பிடித்த நொடியே அணைத்துவிட்டார். எப்போதும் எஞ்சினோடு சேர்ந்து ஒரு மெல்லிய ஊளை கேட்கும், அது இல்லை. பெல்ட்டின் சரசரப்பும் இல்லை. அவர் இறங்கி, பானட்டைத் தூக்கி, கையை உள்ளே விட்டார். கை நேராக அந்த இடத்துக்குப் போனது. வெறும் பிடிப்பான் இரண்டு விரலை நீட்டிக்கொண்டு நின்றது. சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கத்துவார், தானும் கத்தலாம் என்று எதிர்பார்த்தாள். அவர் பானட்டை மெதுவாக மூடி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அவளைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதிலிருந்து அவளோடு பேசவில்லை. பேச வேண்டியதைத் தங்கையிடம் பேசினார். நாத்தனார் அதே வீட்டின் முன்பகுதியில் இஸ்திரிக்கடை வைத்திருந்தாள். கரிப்பெட்டியை ஊதிக்கொண்டே ஊர் வம்பு முழுவதையும் மடித்து அடுக்குவாள். இப்போது தபால் வேலையும் சேர்ந்துகொண்டது.

"உங்க அண்ணிகிட்ட சொல்லு, கண் மருந்து தீர்ந்துபோச்சுன்னு."

"அண்ணி, மருந்து தீர்ந்துபோச்சாம்."

"வாங்கிவெச்சு ரெண்டு நாளாச்சு, அலமாரியில இருக்குன்னு சொல்லு."

"அண்ணா, அலமாரியில இருக்காம். ஏன் ரெண்டு பேரும் இப்படி என் உயிரை வாங்குறீங்க? நடுவுல சுவர்கூட இல்லை!"

இந்த நிலையில்தான் அந்தக் காற்று அடித்தது. ஒரு நாள் முழுக்க அடித்துவிட்டு ஓய்ந்தபோது தெருமுனை மரம் ரோட்டின் குறுக்கே படுத்திருந்தது. மின்கம்பங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரிசையாகச் சாய்ந்திருந்தன. லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்லை" என்று சொல்லிப் போய்விட்டார். பெட்டிக்குள் நிறைய முட்டை. பக்கத்து ஊரில் கோழி வளர்க்கும் பெண்கள் சேர்ந்து கேட்ட ஈடு அது. இன்னும் மூன்று நாளில் ஓடு விரிய வேண்டும். அந்தக் கட்டத்தில் உள்ளே குஞ்சு முழுசாக உருவாகிவிட்டிருக்கும். குளிர்ந்தால் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும்.

பகல் வெளிச்சத்தில் அவள் தன் இயந்திரத்தை முற்றத்துக்கு இழுத்துவந்தாள். கட்டில் சட்டம், எஞ்சின், ஆல்டர்னேட்டர், பெல்ட் எல்லாம் ஏற்கெனவே பட்டறைக்காரர் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். ஓட்டிப் பார்க்கத்தான் அவளுக்கு மனம் வந்திருக்கவில்லை. கயிற்றை இழுத்தாள். எஞ்சின் பிடித்தது. பெல்ட் ஓடியது. ஆல்டர்னேட்டர் அழகாகச் சுற்றியது. மீட்டரைப் பார்த்தாள். பன்னிரண்டு. ஏறவே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டுக்குக் கீழே போனது. பெல்ட் வழுக்குகிறதோ என்று இறுக்கினாள். ஒயரை உரசிச் சுத்தம் செய்து முறுக்கினாள். எஞ்சினை இன்னும் வேகமாக ஓடவிட்டாள். மீட்டர் அசையவில்லை.

அவர் கொட்டகை வாசலில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சும்மா சுத்துதுன்னு சொல்லு" என்றார்.

நாத்தனார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நான் சொல்லமாட்டேன். உள்ளே அத்தனை உசிரு கிடந்து தவிக்குது. உனக்கு வாய் இருக்கு, அவங்களுக்குக் காது இருக்கு. நான் தண்ணி கொதிக்க வைக்கப் போறேன்." போய்விட்டாள்.

எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. அவர் எழுந்து, சுவரைத் தொட்டபடி வந்து நின்றார்.

"எத்தனை ஒயர் குடுத்திருக்க?"

"ரெண்டு. தடிச்சது பேட்டரிக்கு. இன்னொண்ணு எர்த்து."

"அணை."

அணைத்தாள். அவர் கையை நீட்டினார். அவள் ஸ்பேனரை வைத்தாள். அதை ஆல்டர்னேட்டரின் பின்பக்க நடுவில் வைத்து எடுத்தார். "ஒட்டுதா பாரு. ஒட்டல. உள்ளே சுத்துறது காந்தம் இல்ல, வெறும் இரும்பு. முதல்ல கொஞ்சம் கரண்ட் நாம குடுத்தாத்தான் அது காந்தமாகும், காந்தமானாத்தான் கரண்ட் தரும். கார்ல மீட்டர் பக்கத்துல சிவப்பா ஒரு பல்ப் எரியுமே, அது வழியாத்தான் அந்தக் கொஞ்சம் போகும். உறை ஊத்தாம பாலைச் சுத்திக்கிட்டே இருந்தா தயிர் வந்துடுமா?"

அவள் ஆல்டர்னேட்டரின் பின்னால் குனிந்து பார்த்தாள். சின்னதாக ஒரு முனை காலியாக இருந்தது. காரிலிருந்து கழற்றும்போது அதிலிருந்த மெல்லிய ஒயரை வேண்டாத ஒன்று என்று நினைத்து வெட்டிவிட்டது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லவில்லை. "பல்ப் எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் கொட்டகைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "டேஷ்போர்டுக்குப் பின்னாடி. இடது கையை மேல விட்டா கிடைக்கும். வேணாம், உனக்கு வராது, நானே எடுக்கறேன்" என்று போனார்.

பல்ப்பை மாட்டினார்கள். சிவப்பாக எரிந்தது. ஸ்பேனர் இப்போது டக்கென்று ஒட்டியது. அவள் கயிற்றை இழுத்தாள். எஞ்சின் பிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றி, மூச்சு முட்டி நின்றுபோனது. மறுபடி இழுத்தாள், மறுபடி நின்றது.

"பட்டினி கிடந்த பேட்டரி. எடுத்த எடுப்புல மொத்தத்தையும் கேக்குது. சின்ன எஞ்சின், தாங்கல" என்றார் அவர். அடுத்து என்ன செய்யலாம் என்று அவருக்கும் தெரியவில்லை. காரில் அந்தப் பிரச்சினை வந்ததே இல்லை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளே போய், பின்னறைச் சுவரிலிருந்த விளக்கு சுவிட்சையே கழற்றிக்கொண்டு வந்தாள். பல்ப்புக்குப் போகும் ஒயரை வெட்டி நடுவில் அதை மாட்டினாள். "முதல்ல சும்மா ஓடட்டும். நல்லா வேகம் பிடிச்சதும் உறையை ஊத்துவோம்" என்றாள்.

அவர் பெல்ட்டின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்து, "அளவா இருக்கு" என்றார். எஞ்சின் பிடித்து வேகமெடுத்தது. அவள் சுவிட்சைத் தட்டினாள். எஞ்சின் ஒருமுறை தோளைக் குலுக்கிக்கொண்டதுபோல் தாழ்ந்து, பிறகு சுமையை ஏற்றுக்கொண்டு ஓடியது. சிவப்பு பல்ப் அணைந்தது. அந்தப் பழைய ஊளை முற்றத்தில் கேட்டது.

"பதினாலு" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர்.

ஊரில் வேறெங்கும் கரண்ட் இல்லாதபோது ஒரு வீட்டில் மட்டும் விசிறி ஓடினால் எத்தனை நேரம் மறைக்க முடியும்? மறுநாள் காலையிலேயே தெரு முழுவதும் கையில் போனோடு வாசலில் நின்றது. அவர் இன்வெர்ட்டரிலிருந்து ஒரு பிளக் பலகை இழுத்துக் கொடுத்து, வருகிறவர்களை வரிசையில் நிற்க வைத்தார். லைன்மேனும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கரண்ட் ஆபீஸ்காரரே இங்க வந்தா நாங்க எங்கய்யா போறது?" என்றாள் நாத்தனார்.

"நான் சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்" என்ற லைன்மேன், டார்ச்சைச் சொருகிவிட்டுத்தான் போனார்.

கெடுதல் பின்தெருத் தையல்காரரால் வந்தது. நல்ல மனுஷர், அவசரக்காரர். தன் கடை விளக்குக்கான பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவள் பின்னறையில் இருந்தாள். கணவர் போன்காரர்களோடு வாக்குவாதத்தில் இருந்தார். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தையல்காரர், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இவர்கள் பேட்டரியின் கவ்வியைப் பிடுங்கித் தன் பேட்டரியில் மாட்டப் பார்த்தார். பிடுங்கியதும் இன்வெர்ட்டர் ஒருமுறை அலறிவிட்டு அடங்கியது. பின்னறை இருண்டது.

"என்ன தொட்ட? என்ன தொட்ட நீ?" என்று கணவர் குரல் கேட்டு அவள் ஓடிவந்தாள். தையல்காரர் கவ்வியைக் கையில் வைத்துக்கொண்டு, பாம்பைப் பிடித்தவர் மாதிரி விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார்.

இன்வெர்ட்டர் ஃபியூஸ் போனதோடு தப்பியது, மாற்றினார்கள். ஆனால் எஞ்சினைத் திரும்ப ஓட்டியபோது ஊளை மாறியிருந்தது. தொண்டை கட்டியவன் பாடுவதுபோல் உறுமியது. சிவப்பு பல்ப் முழுசாக அணையாமல் மினுங்கியது. மீட்டர் பன்னிரண்டரையைத் தாண்டவில்லை. அணைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அவர் ஆல்டர்னேட்டரின்மேல் கையை வைத்தார். ஆறியிருக்க வேண்டியது ஆறவில்லை. ஸ்பேனரை வைத்தார். சுவிட்சை அணைத்திருந்தும் ஒட்டியது.

"இப்ப ஒட்டக்கூடாதே?" என்றாள் அவள்.

"ஒட்டக்கூடாது. உள்ளே டயோடுன்னு இருக்கும். ஒருவழிக் கதவு மாதிரி. கரண்ட் வெளியே போகலாம், உள்ளே வரக்கூடாது. ஓடும்போது பேட்டரியைப் பிடுங்கினதுல போக இடமில்லாம முட்டி, ஒரு கதவு பிஞ்சுபோச்சு. பேட்டரியில இருக்கறதே திரும்பி உள்ளே போய்க்கிட்டு இருக்கு. முதல்ல ஒயரைக் கழட்டு."

கழற்றினாள். பெட்டியின் சூடு இறங்கத் தொடங்கியிருந்தது. நாத்தனார் கிடைத்த பாட்டிலில் எல்லாம் வெந்நீர் ஊற்றித் தட்டுகளுக்கு அடியில் வைத்தாள். பெட்டியைச் சுற்றித் தன் கடைக்கு வந்திருந்த போர்வைகளைப் போர்த்தினாள்.

"அடுத்தவங்க போர்வையாச்சே" என்றாள் அவள்.

"கேட்டா மறுபடி துவைக்கறேன்னு சொல்லிக்கலாம். நீங்க போங்க அண்ணி, நான் பார்த்துக்கறேன்."

அவள் விழுந்த மரத்தின்மேல் ஏறி இறங்கிப் பழைய இரும்புக் கடைக்குப் போனாள். துரு ஏறி இறுகிப்போன அந்த ஆல்டர்னேட்டர் இன்னும் அங்கேதான் கிடந்தது. சுற்றாவிட்டால் என்ன, கதவுகள் நன்றாக இருந்தால் போதும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு வரும்போது, அவள் இவ்வளவு நேரம் பெட்டியை விட்டு வெளியே இருந்ததைப் பார்த்திராத தெருக்காரர்கள் வழிவிட்டு நின்றார்கள். தையல்காரர் பின்னாலேயே வந்து, "நான் தூக்கறேன்மா, நான் தூக்கறேன்" என்று கெஞ்சினார். அவள் கொடுக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பிரித்தார்கள். அவர் விரலால் தடவி எந்தத் திருகு, எந்தப் பக்கம் என்று சொன்னார், அவள் கழற்றினாள். டயோடுகள் பதித்த தகடு, பிறைநிலா வடிவில், உள்ளங்கை அளவுக்கு வெளியே வந்தது. மீட்டரின் முனைகளை ஒவ்வொன்றிலும் வைத்து அவள் படித்துச் சொன்னாள். ஒரு பக்கம் காட்ட வேண்டும், முனையை மாற்றினால் காட்டக்கூடாது. தங்களுடையதில் ஒன்று இரண்டு பக்கமும் காட்டியது. இரும்புக் கடையிலிருந்து வந்தது எல்லாம் சரியாக இருந்தது. திருகு ஓட்டைகள்தான் ஒரு மயிரிழை தள்ளியிருந்தன, அரத்தால் ராவினாள். ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கரண்ட் இல்லை. நாத்தனாரின் இஸ்திரிப் பெட்டிக் கரியில் ஒரு செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அதனால் ஒவ்வொரு முனையாக ஒட்டினாள். அவர் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை சூடு அவர் விரலில் பட்டது.

"விட்டுடுங்க, சுடுது."

"நீ வை."

கடைசி முனையை ஒட்டிவிட்டு அவள் ஊதினாள். அப்போதுதான் அவர் சொன்னார், "நீ என்னைக் கேட்டிருந்தாலும் நான் குடுத்திருக்கமாட்டேன்."

"கேட்டேனே."

"ஆமா. கேட்ட." பிடித்திருந்த ஒயரை மேசையில் விட்டு, "எனக்குத் தெரியாம எடுத்ததுதான் குத்துது. எடுத்தது தப்புன்னு சொல்லல" என்றார்.

"சொல்லியிருக்கணும். அன்னிக்கு சாயங்காலமே சொல்லலாம்னு இருந்தேன். நீங்க படுத்துட்டீங்க."

"மறுநாள் நான் எழுந்திரிக்கலையா?"

அவள் தகட்டை உள்ளே வைத்துத் திருகி மூடினாள். எழுந்து, ஆல்டர்னேட்டரை முற்றத்துக்குக் கொண்டுபோனாள்.

மாலை வெயில் சாய்வதற்குள் அது மறுபடி பதினாலு காட்டியது. அணைத்துவிட்டு ஸ்பேனரை வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. திரும்ப ஓட்டினார்கள். பேட்டரியின் மேல் நாத்தனார் ஓர் அட்டையை வைத்தாள். "ஓடும்போது தொட்டால் கையை ஒடிப்பேன்" என்று அதில் எழுதியிருந்தது. தையல்காரர் அதைப் படித்துவிட்டு, தலையை ஆட்டி, ஒப்புக்கொண்டார்.

முட்டைகள் எல்லாம் பொரியவில்லை. பாதிக்குச் சற்று மேல் ஓடு விரிந்து வெளியே வந்தன. சில கொத்தத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டன. பொரியாதவற்றைப் பின்கட்டில் குழி தோண்டிப் புதைத்தாள். வந்த குஞ்சுகளில் இரண்டோ மூன்றோ கால் ஊன்றாதவை. வெந்நீர் பாட்டில்களின் மேல் இருந்த தட்டில் அதிகமாகப் பொரிந்தன, மேல்தட்டில் குறைவு. அடுத்த முறை கரண்ட் போனால் முதலில் மேல்தட்டைக் கீழே இறக்க வேண்டும் என்று அவள் நாத்தனாரிடம் சொல்லிவைத்தாள். கோழி வளர்க்கும் பெண்கள் வந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு அடுத்த ஈட்டில் இடம் கேட்டுப் போனார்கள்.

கம்பங்களை நட்டு லைன் வந்த பிறகும் போன்காரர்கள் சிலர் பழக்கதோஷத்தில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு, "எங்க வண்டியில சார்ஜ் ஏறலீங்க, அண்ணன் கொஞ்சம் பார்ப்பாரா?" என்று ஆல்டர்னேட்டரைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் சேர்ந்தார்கள். அவர் மடியில் வாங்கிவைத்து, கப்பியைச் சுற்றி, பேரிங் உரசுகிறதா என்று காதைக் கொடுப்பார். கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதை நகத்தால் அளப்பார். மீட்டர் பார்க்க வேண்டியது வந்தால் பின்னறைப் பக்கம் குரல் கொடுப்பார். அவள் கை காலியாக இருந்தால் வருவாள். இல்லாவிட்டால், "இருங்க, முட்டை திருப்பிட்டு வரேன்" என்பாள். வந்தவர் யாராக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அவர்கள் காத்திருக்க உட்கார இடமில்லை என்று அவரே ஒருநாள் காரின் பின்சீட்டைக் கழற்றிவந்து வாசலில் போட்டார். ஹெட்லைட் இரண்டும் கொட்டகை முகப்புக்குப் போயின. ரேடியேட்டர் விசிறி, சூடு அதிகமாகும் நாட்களில் பெட்டியின் முதுகில் காற்றடிக்கப் போனது. கடைசியில் மிச்சமிருந்ததைப் பார்த்து வாங்க ஒருவன் வந்தபோது, அவர் எந்தக் குறையையும் சொல்லவில்லை. சொல்ல அதில் எதுவும் இல்லை. காலியான கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து இரண்டாவது பெட்டியை வைத்தார்கள்.

கண்ணில் இருந்த அந்தச் சின்ன வட்டமும் பிறகு போய்விட்டது. ஒரேயடியாகப் போகவில்லை. ஒருநாள் மீட்டரின் விளக்கு எரிகிறதா என்று அவர் கேட்டபோது அது எரிந்துகொண்டிருந்தது; அவள் "எரியுது" என்றாள், அவ்வளவுதான். இரண்டாவது பெட்டியில் இப்போது வாத்து முட்டை வைத்திருக்கிறார்கள். வாத்து முட்டைக்கு ஈரம் இன்னும் கூட வேண்டும் என்கிறார் அவர், கை வைத்துப் பார்த்தே தெரிகிறது என்கிறார். இருக்கிற ஈரமே போதும் என்கிறாள் அவள். நாத்தனாரிடம் கேட்டால், இரண்டு பேரும் நேருக்கு நேர் சண்டை போடுகிறார்களே, அதுவரைக்கும் எனக்கு வேலை மிச்சம் என்கிறாள்.